வாய் மூடி வீடு பார்த்த மத்தியானம்

சென்ற வாரம் எங்களை ஓட்டல் லிஃப்டுக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை, கூடவே ஒரு சின்ன மலையளவு பெட்டிகள். லிஃப்ட் நடுவழியில் நின்றது. விளக்கு அணைந்தது. மாப்பிள்ளை கடவுளைக் கூப்பிட ஆரம்பித்தார்.

கடவுள் வருவதற்குள் நான் கதவிடுக்கில் வாயை வைத்து ஒரே ஒரு குரல் கொடுத்தேன். அவ்வளவுதான். எல்லா மாடிகளிலும் எல்லாக் கதவுகளும் படபடவென்று திறந்தன. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒருவர் சோப்பு நுரையோடு தெருவுக்கே ஓடிவிட்டாராம். கண் மூடித் திறப்பதற்குள் எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

நன்றி சொல்வார்கள் என்று பார்த்தால், "சார், நாளைக்குக் காலையில இங்க ஒரு மாநாடு. எல்லா ரூமும் புக் ஆயிடுச்சு. காலி பண்ணிடுங்க" என்றார் வரவேற்பு மேஜைக்காரர். மாநாடு நிஜமா, இல்லை என் குரலைக் கேட்ட பிறகு பிறந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மைக் கெட்டுப்போன நாட்களில்கூட அது கெட்டுப்போனது யாருக்கும் தெரியாது. அடுத்த ஊர் நிலையத்தில் நின்றவர்கள் என் அறிவிப்பைக் கேட்டுத் தங்கள் வண்டிக்கு ஓடியிருக்கிறார்கள். இதை என் மனைவி நம்புவதில்லை. நீங்கள் நம்பலாம்.

அவள் நூலகர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே பணிக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தவள். எங்கள் கல்யாணச் செய்தி வந்த அன்றுதான் அந்த நூலகத்தில் முதன்முதலாக எல்லோரும் சத்தம் போட்டுச் சிரித்தார்களாம்.

மகள் பல் மருத்துவர். இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நாளைக் காலை வேலையில் சேர வேண்டும். மாப்பிள்ளை கணக்குத் தணிக்கையாளர். ஒரு கணினியும் ஒரு நாற்காலியும் இருந்தால் நிலாவில்கூட வேலை பார்ப்பார். நல்ல மனிதர். பொய் சொல்ல வேண்டி வந்தால் மட்டும் காது இரண்டும் தக்காளியாகிவிடும்.

நாலு பேரும் ஒரே வீட்டில் இருப்பது என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது என் மனைவி. கையெழுத்துப் போட்டது நாங்கள். ஆக, இன்று பொழுது சாய்வதற்குள் வீடு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை மகள் வேலையில் சேருவாள், நாங்கள் மூன்று பேரும் பெட்டி மலையோடு ஆஸ்பத்திரி வாசலில் முகாம் போடுவோம்.

காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். ஊரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, வீட்டைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று மகள் திட்டம். அந்த ஊரில் சாலைகள் நேராகப் போவதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மணிக்கூண்டு முன்னால் வந்து நின்றது. மணிக்கூண்டின் நாலு முகத்திலும் நாலு நேரம். "அவங்கவங்களுக்குப் பிடிச்ச நேரத்தைப் பார்த்துக்கலாம் சார்" என்றார் ஓட்டுநர், ஏதோ வசதி செய்து கொடுத்ததுபோல.

ஊரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்தோம். என் மனைவி பொது நூலகம் எங்கே என்று தேடினாள். மாப்பிள்ளை நடைபாதையில் பெயர்ந்த கற்களைப் பார்த்து நகராட்சிக் கணக்கில் என்ன கோளாறு என்று யோசித்தார். மகள் சாலையில் சிரித்துக்கொண்டு போனவர்களை எல்லாம் உற்றுப் பார்த்து, "அம்மா, இந்த ஊர்ல எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்றாள்.

நான் ரயில் நிலையத்துக்குள் நுழைந்து அறிவிப்பைக் கேட்டேன். இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. சளி பிடித்த தகர டப்பா மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டு எந்த வண்டியாவது நேரத்துக்கு வருமா, நீங்களே சொல்லுங்கள்.

இனி வீடுகள்.

வீட்டைச் சோதிக்க எனக்கென்று ஒரு முறை உண்டு. மற்றவர்கள் குழாயைத் திறப்பார்கள், சுவரைத் தட்டுவார்கள். நான் ஒவ்வோர் அறையிலும் நடுவில் நின்று ஓர் அறிவிப்புச் செய்வேன். குரல் சுவரில் மோதி என்னிடமே திரும்பி வந்தால் அது நல்ல சுவர். போன குரல் போனதாகவே இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

முதல் வீட்டின் குளியலறையில் நின்றேன். குழாயைத் திருகினால் பெருமூச்சு மட்டும் வந்தது.

"அனைவரின் கவனத்துக்கும்! குழாயிலிருந்து புறப்பட வேண்டிய தண்ணீர் காலவரையின்றித் தாமதமாகும்! தடங்கலுக்கு வருந்துகிறோம்!"

அந்தக் குளியலறையின் காற்று ஜன்னல், கட்டடத்தின் எல்லாக் குளியலறைகளுக்கும் பொதுவான ஒரு கிணறு போன்ற இடைவெளியில் திறக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மேல் மாடியில் அதே சொந்தக்காரர் இன்னொரு குடும்பத்திடம், "தண்ணிக்குக் குறையே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் படியிறங்கி வந்த வேகத்தில் நாங்கள் படியே இறங்காமல் தெருவுக்கு வந்துவிட்டோம்.

இரண்டாவது வீடு அழகான வீடு. மகளுக்குப் பிடித்துவிட்டது. கூடத்துச் சுவர் மட்டும் கொஞ்சம் மெலிசாகத் தெரிந்தது. மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"இந்தச் சுவரில் இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் படம் மாட்டலாம்!"

"யாருய்யா அது? குழந்தையை இப்பத்தான் தூங்க வச்சேன்!" என்று சுவர் பேசியது. அடுத்து ஒரு குழந்தை அழுதது. அதைக் கேட்டு மேலே ஒன்று, கீழே ஒன்று, எதிரே இரட்டையாக இரண்டு. அந்தக் கட்டடத்தில் அத்தனை குழந்தைகள் இருப்பது அதைக் கட்டியவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றாவது வீட்டைப் பற்றி மகள் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அங்கே ஒரு கிளி இருந்தது, அது நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னது, சொந்தக்காரர் பெயரையும் சேர்த்து. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மத்தியானம் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் குடும்ப மாநாடு கூடியது. மகள் என் முன்னால் வந்து நின்றாள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அப்பா, அடுத்த வீட்ல நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிச் சம்பாதிக்கிற பெண், பெற்ற அப்பனிடம் மட்டும் மூடச் சொல்கிறாள்!

"நான் என்னம்மா பொய்யா சொன்னேன்? தண்ணி வரலைன்னா வரலைன்னுதானே சொல்லணும்?"

"மாமா, உண்மைதான்" என்றார் மாப்பிள்ளை. "ஆனா உண்மையை எல்லா மாடிக்கும் சேர்த்துச் சொல்லிட்டீங்க."

"அவரால முடியாதுடி" என்றாள் என் மனைவி, தேநீரை ஆற்றிக்கொண்டே. "தூக்கத்துலகூட மூணாவது பிளாட்பாரத்துக்கு வண்டி விடுற மனுஷன். கல்யாணம் ஆன புதுசுல நான் பாதி ராத்திரி எழுந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கே போயிட்டேன்."

அந்த நேரம் பார்த்து, மகள் போனில் கூப்பிட்டிருந்த வீட்டுத் தரகர் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர். அவர் பேச்சு அவரைவிட ஒல்லி. எல்லாவற்றையும் காதோடு காதாகத்தான் சொல்வார். மழை வரும்போலிருக்கிறது என்பதைக்கூட.

"ஒரு மாடி வீடு இருக்குங்க" என்று மாப்பிள்ளை காதில் ஊதினார்; நாங்கள் மூவரும் தலையை நீட்டிக் கேட்டோம். "தங்கமான வீடு. கீழ ஓனரம்மா மட்டும் தனியா இருக்காங்க. ஒரே ஒரு விஷயம். சத்தம்னா ஆகாது. மூணு குடித்தனம் வந்துச்சு, மூணையும் அனுப்பிச்சுட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். மெதுவா நடங்க, மெதுவா பேசுங்கன்னு. பாவம், அப்படியேதான் இருந்தாங்க. ஆனாலும் அந்தம்மாவுக்குப் பொறுக்கல."

"மெதுவா இருந்தவங்களையே துரத்திட்டாங்களா?" என்று என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இவரைப் பார்த்தா ராணுவத்தைத்தான் கூப்பிடுவாங்க."

"வேற வீடு?" என்று மகள் கேட்டாள்.

தரகர் உதட்டைப் பிதுக்கினார். அதுவும் சத்தமில்லாமல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்மேல் வைத்துக் கட்டிக்காட்டினேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர், கடையில் கொள்ளை அடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

அந்த வீட்டுக்குப் போனோம். இப்படி ஒரு வீட்டை நான் எதிர்பார்க்கவில்லை. நீளமான கூடம். அதன் ஒரு பக்கச் சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரை வரை, மர அலமாரித் தட்டுகள். வெயில் நேராக அதன்மேல் விழாமல் பக்கவாட்டில் வந்து தரையில் படுத்துக் கிடந்தது.

என் மனைவி நேராக அதனிடம் போனாள். ஒரு தட்டின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டே சுவரின் கடைசி வரை நடந்தாள். நூலகத்தில் அப்படித்தான் நடப்பாள்; எந்தப் புத்தகம் இடம் மாறி நிற்கிறது என்பது விரலுக்கே தெரியும். எங்கள் பழைய வீட்டில் அவள் புத்தகங்கள் கட்டிலுக்கடியில், பரணில், அரிசி டிரம் பின்னால் என்று தலைமறைவாக வாழ்கின்றன. ஒரு நாவல் தேடி மூன்று அறைகளில் சோதனை போட வேண்டும்.

"இங்க..." என்றாள்.

அவ்வளவு போதும். இந்த வீட்டை இவளுக்குப் பிடித்துக் கொடுக்காமல் நான் இந்தத் தெருவை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானம் செய்தேன். அதற்கு வாயை மூட வேண்டுமென்றால் மூடுவேன். சிமெண்டு வைத்துப் பூசச் சொன்னாலும் பூசுவேன்.

கீழே இறங்கினோம். சொந்தக்கார அம்மா உயரமானவர். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. பேசுகிறவர்களின் வாயையே உற்றுப் பார்க்கிற கண்கள். தரகர் இடுப்பு வரை குனிந்து எங்களை ஏதோ சொல்லி அறிமுகப்படுத்தினார். கொசு பேசுவதுபோல இருந்தது.

அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். "என்ன?"

தரகர் பயந்துபோய்க் குரலை இன்னும் இறக்கினார். சுளிப்பு இன்னும் கூடியது. கொசுவுக்கே இந்தச் சுளிப்பு என்றால் எனக்கு என்னவோ என்று தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, உட்காருங்க" என்றார் அம்மா. எல்லோரிடமும் நாலு வார்த்தை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார் ஒண்ணுமே பேச மாட்டேங்கறாரே?"

நான் சிரித்தேன். என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

அங்கேதான் மாப்பிள்ளை புகுந்தார். உதவி செய்கிறாராம். "மாமாவுக்கு... தொண்டைல... ஒரு ஆபரேஷன்."

"என்ன? திருப்பிச் சொல்லுங்க."

"தொண்டைல ஆபரேஷன்ங்க! பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க!" காது இரண்டும் பழுத்துத் தொங்கின.

"அப்படியா! யார் பண்ணது?"

மாப்பிள்ளையின் வாழ்க்கையில் இதுவரை எந்தப் பொய்யும் இரண்டாவது கேள்வி வரை போனதில்லை. முழித்தார். கூரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரே டாக்டரைக் கையைக் காட்டிவிட்டார். "இவதாங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட! நீங்க தொண்டை டாக்டரா? நானும் அதுதாம்மா! காது, மூக்கு, தொண்டை. போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன்!"

தரகர் வாசலை நோக்கி ஓர் அடி நகர்ந்தார்.

"நான் வந்து... பல் டாக்டர்" என்றாள் மகள்.

"பல் டாக்டர் தொண்டைல ஆபரேஷன் பண்ணீங்களா?"

"பல்லைத்தான் பார்த்துட்டு இருந்தேன்..." மகள் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள். "அப்படியே கொஞ்சம் உள்ள போயிட்டேன்."

"வீட்டு ஆளுதானேன்னு" என்று என் மனைவி மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அம்மா எங்கள் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்து வந்தார். "வாயைத் திறங்க சார்."

திறந்தேன். ஒளி உள்ளே போனது. அவரும் கூடவே போய்விடுவார்போலக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குகைக்குள் தொலைந்த ஆட்டைத் தேடுகிறவர்போல நெடுநேரம் தேடினார்.

"த்சு... த்சு... த்சு."

ஆபரேஷன் பொய்தான். ஆனால் நிஜமாகவே உள்ளே ஏதாவது குடிவந்துவிட்டதா?

"ரொம்ப மோசம்" என்றார் டாக்டரம்மா. டார்ச்சை அணைத்தார். "ஆறு மாசம். ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா குரல் போனது போனதுதான். நான் கீழதான் இருக்கேன், தினமும் கவனிச்சுக்குவேன். இதுக்குச் சம்மதம்னா மாடி உங்களுக்கு. சாவி இன்னிக்கே." சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆறு மாசம்! நான் பிறந்தபோது என் முதல் அழுகையைக் கேட்டே மருத்துவச்சி காதைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றாளாம். அன்று ஆரம்பித்தது இன்றுவரை நின்றதில்லை. தொடர்ந்து ஆறு நிமிஷம் சும்மா இருந்தால் எனக்கு ஜுரம் வரும்.

மகள் என்னைப் பார்த்தாள். கண்ணிலேயே நாளைக் காலை, பெட்டி மலை, ஆஸ்பத்திரி வாசல் எல்லாம் தெரிந்தன. நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் கண் சாவிமேல் இருந்தது.

தலையை ஆட்டினேன். சம்மதம்.

"டாக்டர்" என்றாள் என் மனைவி, "அதை ஒரு வருஷமா போட முடியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும்தான். என் மனைவி சிரித்துக்கொண்டே எழுந்தாள். "அந்தச் சுவரை இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். என்னங்க, வாங்க."

மேலே போனோம். இரண்டு பேர் மட்டும்.

"இங்கேருந்து இதுவரைக்கும் கதைப் புத்தகம்" என்று கையை வீசிக் காட்டினாள். "இந்தப் பக்கம் வரலாறு. மேல அகராதி எல்லாம். ஏணி ஒண்ணு செய்யணும். என்னங்க?"

தலையாட்டினேன்.

"இந்தக் கீழ்த்தட்டுல உங்க பழைய மைக்கை வைக்கலாமா?"

தலையாட்டினேன்.

"சும்மா மாடு மாதிரி தலையை ஆட்டாதீங்க. ஏதாவது சொல்லுங்க."

உதட்டில் விரலை வைத்து, கீழே கையைக் காட்டினேன். படிக்கட்டு திறந்து கிடந்தது.

"காதுல மெதுவா சொல்லுங்களேன்."

எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது என்பது அவளுக்கே தெரியும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது. பிறகு அதுவும் இல்லை. அந்த நீளமான கூடத்தில் எங்கள் இரண்டு பேரின் மூச்சு மட்டும்.

"இந்த வீடு இவ்வளவு பெருசாவா இருந்துச்சு?" என்றாள்.

சுவரை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு படபடவென்று படியிறங்கினாள். என்ன ஆயிற்று என்று புரியாமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

கீழே போய் நேராக மேஜைமுன் நின்றாள். சாவியை டாக்டரம்மா பக்கமாகத் தள்ளினாள்.

"வேணாம் டாக்டர்."

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ இரு." என்னோடு வாழ்ந்து வாழ்ந்து அவள் குரலும் வளர்ந்துவிட்டது என்பதை அன்றுதான் கவனித்தேன். "இவருக்குத் தொண்டைல ஒண்ணும் இல்ல. ஆபரேஷனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சத்தம்னா உங்களுக்கு ஆகாது, மெதுவா பேசுங்கன்னு தரகர் சொன்னார். இவர் பேசினா கட்டடம் அதிரும். காலையிலேர்ந்து மூணு வீட்ல துரத்திட்டாங்க. அதான் வாயைக் கட்டிக் கூட்டிட்டு வந்தோம். பொய் சொன்னது தப்புதான், மன்னிச்சுக்குங்க."

"ஆறு மாசம்தானேம்மா..." என்று மகள் இழுத்தாள்.

"ஆறு நிமிஷம் மேல நின்னு பார்த்துட்டுத்தான் வரேன்!" திரும்பவும் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "அமைதி, அமைதின்னு சொல்லியே சம்பளம் வாங்கினவ நான். அங்க யாராவது இருமினாக்கூட எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒரு ஆள் சத்தமா பேசணும் எனக்கு. அதுக்காகத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன். எங்க வீட்ல எல்லாரும் வேணாம்னாங்க. நான்தான் இவர்தான் வேணும்னு நின்னேன். இவர் பேசாத வீட்ல அத்தனை பெரிய சுவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இத்தனை வருஷமாக என் அழகைப் பார்த்துத்தான் சம்மதித்தாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். போகட்டும்.

டாக்டரம்மா டார்ச்சை எரித்தார், அணைத்தார். மறுபடி எரித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "இவ்வளவு சுத்தமான தொண்டையை நான் என் சர்வீஸ்லயே பார்த்தது கிடையாது. சுரங்கப்பாதை மாதிரி இருக்கு. ஒரு பஸ்ஸே போகலாம். பல் டாக்டர் உள்ள போயிட்டேன்னு சொன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. எவ்வளவு தூரம்தான் இழுப்பீங்கன்னு பார்க்கத்தான் ஆறு மாசம் போட்டேன்."

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை காதுகளை மூடிக்கொண்டார், அவற்றின் நிறத்தை மறைக்க.

தரகர் மேஜையருகே வந்து குனிந்து, மூச்சுக் காற்றில் ஏதோ மன்னிப்புக் கேட்டார்.

"இவர்! இதோ, இவர்தான்!" டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். "இவர் என்ன சொல்றார்னு யாருக்காவது கேக்குதா? எனக்கு இடது காது சுத்தமா போச்சு. வலது காது பாதிதான். காது டாக்டருக்கே காது கேக்கலைன்னு வெளிய சொல்ல வெக்கமா இருக்காதா? சத்தம் ஆகாதுன்னு நான் எப்பய்யா சொன்னேன்? சரியாப் பேசுங்கன்னு சொன்னேன்! வந்த மூணு குடித்தனமும் பூனை மாதிரி நடக்குது. எதிர்ல வந்தா வாய் மட்டும் அசையுது. என்னைப் பத்தித்தான் ஏதோ பேசுறாங்கன்னு நினைச்சு நினைச்சே எனக்குப் பாதி உயிர் போச்சு. எல்லாம் நீர் சொல்லிக் கொடுத்த வேலையா?"

தரகரின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்கும் கேட்கவில்லை.

"அப்ப... வீடு எங்களுக்குத்தானா டாக்டர்?" என்று மகள் விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள்.

"அவசரப்படாதீங்க." டாக்டரம்மா சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த மதில் தெரியுதா? அதுக்கு அந்தப் பக்க வீட்ல என் தங்கச்சி இருக்கா. பேச்சு நின்னு பல வருஷம் ஆச்சு. கதவைத் தட்டினா திறக்க மாட்டா. போன் எடுக்க மாட்டா. என் முகத்தைப் பார்த்தாலே ஜன்னலைச் சாத்திடுவா. அவ காதுல ஒரே ஒரு சேதி விழணும். என்ன சேதிங்கறதை அப்புறம் சொல்றேன். முதல்ல உங்க குரல் அந்த மதிலைத் தாண்டுமான்னு எனக்குத் தெரியணும். தாண்டினா சாவி உங்களுக்கு. வாங்க."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். உயரமான பழைய மதில். மேலே கொடி படர்ந்திருந்தது. அதற்கு அப்பால் தங்கச்சி வீட்டு மாடி ஜன்னல், இறுகச் சாத்தியிருந்தது.

"பேசுங்க சார்" என்றார் டாக்டரம்மா. "எதை வேணா பேசுங்க."

மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்த பேச்சு. அணை உடைந்து வெள்ளம் வரும் என்றுதான் நானே நினைத்தேன். வாயைத் திறந்தேன். எதிரே என் மனைவி நின்றாள். இவர்தான் வேணும் என்று யார் யாரையோ எதிர்த்து நின்றவள். என்னிடம் அதை ஒரு நாளும் சொல்லாதவள்.

தொண்டைக்குள் நிஜமாகவே ஏதோ வந்து அடைத்துக்கொண்டது. வெளியே வந்த குரல் என்னுடையதே இல்லை. தரகரிடமிருந்து கடன் வாங்கின மாதிரி இருந்தது.

"அந்தச் சுவர்... உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கா?"

மகளின் கண்கள் விரிந்தன. அவள் பிறந்ததிலிருந்து நான் இவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை.

டாக்டரம்மா வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் வந்தார். "கேக்கலையே! சத்தமா சொல்லுங்க சார்!"

சத்தமாகச் சொல்லுங்கள்! இந்த இரண்டு வார்த்தையை என்னிடம் இதுவரை ஒரு மனிதப் பிறவி சொன்னதில்லை.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான் சொல்றாங்கல்ல, சொல்லுங்களேன்" என்றாள். சிரித்துக்கொண்டே இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தன் காதுகளுக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டாள். மகள் அவள் பின்னால் ஒளிந்தாள். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் வைத்தார். தரகர் தெருவை நோக்கி, முதல்முறையாகச் சத்தம் வர ஓடினார்.

நான் மார்பு நிறைய மூச்சை இழுத்தேன்.

வாயைத் திறப்பதற்குள், மதிலுக்கு அந்தப் பக்கம், அந்த ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.